ரிஜிஸ்தரில் விழும் முதல் வரி

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் பல முறை பேசியிருக்கிறோம். மில்லுக்கும் வயலுக்கும் போய்த் திரும்புகிற ரோட்டைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்த ரோட்டில் அடிபட்ட தொழிலாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததும் அங்கே ஒரு ரிஜிஸ்தரில் அவனைப் பற்றி ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த ஒரு வரி அவனுக்கு என்ன செய்கிறது, செய்யாமல் விடுகிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதல் இடம்! மாண்டவர்கள் 17,884 பேர். நாடு முழுவதும் மாண்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போனவர்கள். நூற்றுக்கு 19 பேருக்கு மேல் கால்நடையாகப் போனவர்கள். ஆக, மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவு, இந்த இரண்டு கூட்டத்தார்தான். இவர்கள் யார்? ஷிப்டுக்கு ஓடுகிறவன், சந்தைக்குப் போகிறவள், நாற்று நடப் போகிறவள், பழைய வண்டியில் மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறவன். இவர்கள் நம்மவர்கள்.

இதை ‘தலைவிதி’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தலைவிதிக்கு மருந்து கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. விபத்துக்கு இரண்டும் உண்டு. ஆனால் இரண்டும் காலத்தில் கிடைக்க வேண்டும்.

முதலில் உயிர்

அடிபட்டவனைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறது. ஒருவர் கையைப் பிடிக்கிறார், ஒருவர் காலைப் பிடிக்கிறார், மூட்டை போலத் தூக்கி வண்டியில் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், தூக்கிய தூக்கிலேயே உள்ளிருக்கும் நரம்பு அறுந்து, பிழைக்கிறவன் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரும். ஆகவே 108-க்குப் போன் செய்யுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இந்த வண்டி ஓடுகிறது. அது வரும் வரை கழுத்தும் முதுகும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி அவனைக் கொன்றுவிடும்.

இன்னொரு ஆபத்து இருக்கிறது. தலையில் அடிபட்டவன் சில சமயம் எழுந்து உட்கார்ந்து, “எனக்கு ஒன்றுமில்லை, வேலைக்கு நேரமாகிறது” என்பான். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். சில மணி நேரம் நன்றாக இருந்துவிட்டு, பிறகு வாந்தி எடுப்பான், தலைவலி கூடும், தூங்கித் தூங்கி விழுவான், ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரியும். அப்போது புறப்பட்டால் பல நேரம் பிந்திப்போகிறது. தலையில் அடி என்றால் அவன் என்ன சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

எலும்பு முறிவுக்கு நேரே நாட்டுக் கட்டுப் போடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீக்கம் ஏறிக்கொண்டிருக்கும் காலில் இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப் போகலாம். விரல்கள் மரத்து, நிறம் மாறினால் உடனே கட்டைத் தளர்த்தி டாக்டரிடம் ஓட வேண்டும்.

“போலீஸ் கேஸ், நாங்கள் தொட மாட்டோம்” என்று சொல்லும் ஆஸ்பத்திரிகள் இருந்த காலத்தையும் நாம் மறக்கக் கூடாது. கார் மோதி விழுந்த ஒரு ஸ்கூட்டர்காரரை அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் ஏற்க மறுத்து, போலீஸ் கேஸ் பார்க்க அதிகாரம் பெற்றது 20 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, அங்கே போங்கள் என்று அனுப்பினார்கள். அவர் வழியிலேயே உயிர் விட்டார். இந்தச் செய்தியின் மீது தொடரப்பட்ட வழக்கில்தான் 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது: சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும், முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும்; மற்ற நடைமுறைகள் பிறகு. அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு வருகிறவனைப் போலீசார் தொந்தரவு செய்யாமல் இருக்க, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவையும் சேர்த்தார்கள். உதவி செய்கிறவன் பெயரையும் விலாசத்தையும் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயப்படாமல் தூக்கலாம்.

செலவுக்கு என்ன வழி? 2021 டிசம்பர் 18 அன்று தமிழ்நாடு சர்க்கார் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பணம் கட்ட வேண்டியதில்லை. வருமானச் சான்று கேட்பதில்லை. வேறு மாநிலத்திலிருந்து வந்து நம் மில்களில் வேலை செய்கிற தோழர்களுக்கும் உண்டு. 2025 மே மாதத்தில் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. “முன்பணம் கட்டு” என்று வாசலில் நிறுத்தினால் இந்தத் திட்டங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அந்த ஒரு வரி

சரி, டாக்டர் பார்த்துவிட்டார். பார்த்ததும் விபத்து ரிஜிஸ்தரில் எழுதுகிறார். இதைத்தான் ‘ஏ.ஆர். காப்பி’ என்று ஊரில் சொல்கிறோம். யார் அழைத்து வந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, எந்த வாகனம், நினைவு இருந்ததா, எங்கெங்கே காயம் - இவ்வளவும் அதில் வர வேண்டும். பின்னால் தரும் காயச் சான்றிதழ் இதிலிருந்துதான் பிறக்கிறது. போலீசாரும் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீலும் முதலில் புரட்டுவதும் இதைத்தான்.

அந்த நேரத்தில் டாக்டருக்குப் பதில் சொல்வது யார்? அடிபட்டவனுக்கு நினைவில்லை. அழைத்து வந்தவன் வழிப்போக்கன், மோதியதைப் பார்க்காதவன். “வண்டியிலிருந்து விழுந்து கிடந்தார்” என்கிறான். ஒரே இரவில் பல பேரைப் பார்க்கிற டாக்டர் “வண்டியிலிருந்து தானாக விழுந்ததாகச் சொல்லப்படுகிறது” என்று எழுதிவிட்டு அடுத்த ஆளிடம் போகிறார். அவர் மீது நமக்குக் கோபமில்லை; அவரும் நம்மைப்போல் ஷிப்டில் நசுங்குகிறவர்தான். ஆனால் அந்த வரியால் என்ன ஆயிற்று? மோதிவிட்டு ஓடிய லாரி காகிதத்திலிருந்தும் ஓடிவிட்டது! ஒரு வருஷம் கழித்துக் கோர்ட்டில், “டாக்டரே எழுதியிருக்கிறார், தானாக விழுந்தவன்” என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார்.

இலக்கம் சொல்லும் கதை

அந்த வரி கோர்ட்டோடு நிற்பதில்லை. ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் பதிவுப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே நோயையும் காயத்தையும் எழுத்தும் இலக்கமுமாக மாற்றுகிறார்கள். இதற்கு உலகத்துக்கே பொதுவான ஒரு பட்டியல் இருக்கிறது. 1893-ல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சு நாட்டுப் புள்ளியியல் அறிஞர் சாவுக் காரணங்களுக்காக வகுத்த பட்டியல் அதன் மூலம். 1948 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் அதை நடத்துகிறது. நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நன்கு பழக்கமானது பத்தாம் பதிப்பு.

அதில் ஒரு விபத்துக்கு இரண்டு கேள்வி. என்ன முறிந்தது என்பது ஒன்று. எதனால் முறிந்தது என்பது மற்றொன்று. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் எஸ் 82. தொடை எலும்பு என்றால் எஸ் 72. மண்டைக்குள் காயம் என்றால் எஸ் 06. எதனால் என்பதற்கு ‘வி’ என்ற எழுத்து. வி-க்குப் பின் வரும் முதல் இலக்கம், அடிபட்டவன் எப்படிப் போனான் என்பது: நடந்து போனவனுக்கு 0, சைக்கிளுக்கு 1, மோட்டார் சைக்கிளுக்கு 2, ஆட்டோவுக்கு 3, காருக்கு 4, வேனுக்கும் சிறு சரக்கு வண்டிக்கும் 5, லாரிக்கு 6, பஸ்ஸுக்கு 7. இரண்டாவது இலக்கம், எது மோதியது என்பது. லாரியோ பஸ்ஸோ மோதினால் 4. எதுவும் மோதாமல் தானாகக் கவிழ்ந்தால் 8.

இப்போது பாருங்கள். லாரி மோதிய மோட்டார் சைக்கிள் தொழிலாளிக்கு வி 24. தானாக விழுந்தவனுக்கு வி 28. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம். அந்த ஒரு இலக்கத்தில் ஒரு லாரி மறைகிறது. டிரைவரைத் தூங்க விடாமல் ஓட்டிய முதலாளி மறைகிறான். விளக்கில்லாத வளைவு மறைகிறது. எதுவுமே தெரியவில்லை என்றால் வி 89 என்று ஒரு இலக்கம் உண்டு: என்ன வண்டி என்று குறிப்பிடாத விபத்து. அந்தக் குப்பைக்கூடையில் விழுந்த காயத்துக்காக எந்த என்ஜினீயரும் ரோட்டோரம் நடைபாதை போட மாட்டார்.

வார்த்தை கோர்ட்டுக்குப் போகிறது. இலக்கம் சர்க்காருக்குப் போகிறது. இரண்டும் அந்த முதல் வரியிலிருந்தே போகின்றன. உலக சுகாதார ஸ்தாபனம் 2022 ஜனவரி 1 முதல் பதினொன்றாம் பதிப்பை அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதில் எழுத்தும் இலக்கமும் வேறு. ஆனால் என்ன முறிந்தது, எதனால் என்ற அந்த இரண்டு கேள்வியும் அப்படியே இருக்கின்றன.

இதே ஆஸ்பத்திரியில் வேறொரு குறியீடும் உண்டு. இன்ன ஆபரேஷன், இன்ன தொகை என்று இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்கும் குறியீடு. அதைக் காலியாக விட்டால் பணம் வராது. ஆகவே அதை யாரும் மறப்பதில்லை. தொழிலாளிக்கு எப்படி அடிபட்டது என்ற குறியீட்டைக் காலியாக விட்டால் யாருக்கு நஷ்டம்? நமக்குத்தான். ஆகவே அதை நினைவூட்ட வேண்டியவர்களும் நாம்தான்.

போகும் வழியும் வேலைதான்

அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு சிறு இடம் உண்டு. அடிபட்டபோது என்ன செய்துகொண்டிருந்தான் என்பதற்கான இலக்கம். கூலிக்காக வேலை செய்தால் 2. வேலைக்குப் போகிற வழியும் திரும்புகிற வழியும் அதிலேயே அடங்கும். உலகப் பட்டியல் ஒப்புக்கொண்ட இந்த உண்மையை நம் நாட்டுச் சட்டம் ஒப்புக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது என்று கேளுங்கள்.

மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அதிகாலை 3 மணிக்கு ஷிப்டு. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் புறப்பட்டவர், ஆலைக்கு 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தார். கீழ்க்கோர்ட்டு நஷ்டஈடு கொடுத்தது. ஹைகோர்ட்டு, “ஆலைக்குள் சாகவில்லையே” என்ற நியாயத்தில் ரத்து செய்தது. 2025 ஜூலை 29 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இருபத்திரண்டு வருஷம், தோழர்களே! தகப்பன் செத்தபோது தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கும் இதற்குள் மீசை முளைத்துவிடும்.

இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-லேயே 51-இ என்ற பிரிவைச் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நடக்கும் விபத்து வேலைக்காயமே என்றது அது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த விபத்து நடந்த நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? “இரவு 10 மணி ஷிப்டுக்கு மில்லுக்குப் போகும் வழியில், இன்ன ரோட்டில், 9.30 மணிக்கு” என்று ரிஜிஸ்தரில் எழுதியிருந்தால், அதுவே முதல் சாட்சி. அதோடு மில்லின் ஷிப்டுச் சீட்டும் சேர்ந்தால் யாரும் எளிதில் அசைக்க முடியாது.

சரக்கு வண்டியில் மனிதர்கள்

விவசாயத் தொழிலாளர்களுக்கு, முக்கியமாக நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களுக்கு, ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மேஸ்திரி மினிலாரி கொண்டு வருகிறான். டிராக்டர் டிரெய்லர் கொண்டு வருகிறான். ஆட்டு மந்தை போல ஏற்றுகிறான். வண்டி கவிழ்ந்தால் என்ன நடக்கும்? 2002 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது: சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகும் பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கும். வண்டியில் இருந்த மனிதருக்கு இருக்காது! அந்தக் குடும்பம் வண்டிக்காரனைத் துரத்த வேண்டும். அவனோ அந்த ஒரு வண்டியையும் கடனில் வாங்கியவனாக இருப்பான். கூலி பேசும்போதே வண்டியையும் பேசுங்கள். ஆட்களை ஏற்ற அனுமதி பெற்ற வேன் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கான செலவு வேலை வாங்குகிறவனுடையது.

விபத்து நடந்துவிட்டால் “வாகன விபத்து” என்று மட்டும் எழுத விடாதீர்கள். விவசாய வண்டியில் இருந்தவருக்கு என்றே அந்தப் பட்டியலில் வி 84 இருக்கிறது. டிராக்டர் என்று எழுதினால்தான் டிராக்டரில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று நாடு அறியும்.

காயத்தின் அளவு, கையின் மதிப்பு

காயச் சான்றிதழில் ‘சாதாரணக் காயம்’, ‘கொடுங்காயம்’ என்று இரண்டு தரம் உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவுப்படி, எலும்போ பல்லோ முறிந்தாலும், மூட்டு நழுவினாலும் கொடுங்காயம். 15 நாள் கடும் வேதனையில் கிடந்தாலும், அன்றாடக் காரியத்தைப் பார்க்க முடியாமல் போனாலும் அதுவே. பழைய சட்டத்தில் இது 20 நாள். ஆகவே எக்ஸ்ரே எடுக்காமல் சான்றிதழ் வாங்கி வராதீர்கள்.

பிறகு ஊனச் சதவீதம் வருகிறது. 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பில் இதை நன்றாக விளக்கியது. இடது கை போனவனுக்கு உடல் ஊனம் 60 சதம் என்று வைத்துக்கொள்வோம். அவன் டிரைவரோ தச்சனோ ஆனால் சம்பாதிக்கும் சக்தி ஏறக்குறைய 100 சதமும் போய்விட்டது. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவானால் அப்படி அல்ல. ஆகவே டாக்டர் தரும் சதவீதத்தோடு நின்றுவிடாதீர்கள். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை ஒட்டும் விரல் எது, நாளெல்லாம் குனிந்து நடவு நட முதுகு எப்படி வேண்டும் என்பதைக் கோர்ட்டில் சொல்ல வேண்டியவர்கள் நாம். நீதிபதி வயலில் இறங்கியவரல்ல. நாம் சொன்னால்தான் தெரியும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒவ்வொரு மில் வாயிலிலும், ஒவ்வொரு கிராமத்திலும் இரண்டு பேரை இதற்கென்று நியமிப்போம். விபத்துச் செய்தி வந்ததும் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். மற்றவர் விபத்து நடந்த இடத்துக்குப் போகட்டும். இடத்துக்குப் போனவர் வண்டி நம்பரையும், பார்த்த சாட்சிகளையும் குறிக்கட்டும், படம் எடுக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர் டாக்டரிடம் பணிவாக, தெளிவாக, நடந்ததைச் சொல்லட்டும்: எந்த வாகனம், எப்படி, எங்கே, எத்தனை மணி, எந்த வேலைக்குப் போகும் வழியில்.

நடந்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும். பொய்யை ரிஜிஸ்தரில் ஏற்றினால் அது நம்மையே கவிழ்க்கும். தானாக விழுந்திருந்தால் தானாக விழுந்ததாகவே எழுதட்டும். ரோட்டில் இருந்த பள்ளத்தையும் சேர்த்து எழுதட்டும்!

தவறாக எழுதிவிட்டார்களா? அடிக்கச் சொல்லியும் திருத்தச் சொல்லியும் சண்டை போடாதீர்கள். நிலைய மருத்துவ அதிகாரிக்கு எழுத்து மூலம் விவரம் கொடுத்துக் கூடுதல் குறிப்பு எழுதக் கேளுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். அதே நாளில் போலீசிலும் வாக்குமூலம் கொடுங்கள். சிகிச்சைக்கு ஓடியதால் புகார் பிந்திவிட்டால் மனம் தளராதீர்கள். தாமதம் ஒன்றை மட்டும் காரணம் காட்டி வழக்கைத் தள்ளக் கூடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகளின்படி, போலீசார் 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையை மோட்டார் விபத்து நஷ்டஈட்டுக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று கேளுங்கள். அதே தேதியிலிருந்து, யார் மீது குற்றம் என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கேட்க 164-வது பிரிவு இருக்கிறது. மோதியது எந்த வண்டி என்றே தெரியாவிட்டால் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதைக் கேட்கக்கூட ‘வண்டி மோதியது’ என்ற அந்த வரி வேண்டும்! முழு நஷ்டஈட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு என்று சட்டப் பிரிவு சொல்கிறது. அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டிருக்கின்றன. அதை நம்பி உட்காராமல் ஆறு மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக் கடை ரசீது, ஆட்டோ வாடகைச் சீட்டு உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

சர்க்காரிடம் நாம் கேட்பது இவை: விபத்துப் பிரிவில் எழுதுவதற்கென்றே தனியாக ஆள் வேண்டும், டாக்டரின் கை வைத்தியத்துக்கு வேண்டும். எந்த வண்டி, என்ன வேலை என்ற இடங்கள் காலியாக விடப்படக் கூடாது. ஏ.ஆர். நகலுக்கு ஏழையை மாதக்கணக்கில் நடக்க விடக் கூடாது. எந்த ரோட்டில், எந்த வண்டியில், எத்தனை தொழிலாளிகள் அடிபட்டார்கள் என்று மாவட்டம்தோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஷிப்டு வேன் கேட்போம், தெருவிளக்குக் கேட்போம், நடைபாதை கேட்போம்.

தோழர்களே! மில்லில் எத்தனை கிலோ நூல் இறங்கியது என்று எழுத முதலாளிக்குக் கணக்குப்பிள்ளை இருக்கிறான். எத்தனை மூட்டை நெல் களத்துக்கு வந்தது என்று எழுத மிராசுதாருக்கு ஆள் இருக்கிறான். நம் எலும்பு எங்கே, எதனால் முறிந்தது என்ற கணக்கை எழுதிக்கொள்ள நமக்கு யார் இருக்கிறார்கள்? சங்கம் இருக்கிறது. இந்த வாரமே அந்த இரண்டிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, பெயர்களைச் சங்க ஆபீசில் கொடுங்கள்.